இங்கிலாந்துக் காடு மேடுகளில் மவுண்டன் பைக்: பலரும் செய்யும் தவறுகள்

மவுண்டன் பைக் வாங்கப் போகிறவரிடம் பேசிப் பாருங்கள். சஸ்பென்ஷன் எத்தனை மில்லிமீட்டர், டயர் எவ்வளவு அகலம், பிரேம் கார்பனா அலுமினியமா என்று மாதக்கணக்கில் அலசியிருப்பார். எந்தப் பாதையில் ஓட்டப்போகிறார், அங்கே சைக்கிளுக்கு அனுமதி உண்டா, நேற்று அங்கே மழையா, மாலை எத்தனை மணிக்கு இருட்டும் என்று கேட்டால் பதில் வராது. இங்கிலாந்தில் ஒரு நாள் சவாரி கெட்டுப்போவதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்தக் கேள்விகளைக் கேட்காததுதான். சைக்கிள் சுமாராக இருந்தாலும் சமாளித்துக்கொள்ளலாம்.

பாதை இருக்கிறது, உரிமை இருக்கிறதா?

இந்த ஒன்றில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தபிறகு, பொறுப்போடு நடந்துகொண்டால் பெரும்பாலான இடங்களில் சைக்கிளோடு போகலாம். எல்லை தாண்டி இங்கிலாந்துக்குள் வந்துவிட்டால் கதையே வேறு. இங்கே ஒவ்வொரு பாதைக்கும் சட்டப்படி ஒரு தகுதி உண்டு. ஃபுட்பாத் என்றால் நடப்பவர்களுக்கு மட்டும். பிரைடில்வே என்றால் நடப்பவர், குதிரையில் வருபவர், சைக்கிளில் வருபவர் மூவருக்கும். பைவே வகைப் பாதைகளிலும் சைக்கிள் போகலாம். பிரைடில்வேயில் சைக்கிளுக்கு இடம் கிடைத்ததே 1968-ஆம் ஆண்டின் கிராமப்புறச் சட்டத்தால்தான், அதுவும் ஒரு நிபந்தனையோடு: நடப்பவருக்கும் குதிரைக்கும் சைக்கிள்காரர்தான் வழிவிட வேண்டும்.

வாசல் கம்பத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு வட்டத் தகடு அடித்திருக்கும், அதில் ஓர் அம்புக்குறி. மஞ்சள் அம்பு ஃபுட்பாத், நீல அம்பு பிரைடில்வே, ஊதாவும் சிவப்பும் பைவே வகைகள். நீலம், ஊதா, சிவப்பு என்றால் ஓட்டலாம். மஞ்சள் என்றால் இறங்கிவிடுங்கள். ஃபுட்பாத்தில் ஓட்டினால் பொதுவாகப் போலீஸ் வழக்கெல்லாம் வராது, அது நில உரிமையாளருக்கு எதிரான அத்துமீறலாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். ஆனால் விவசாயி வந்து வெளியே போகச் சொன்னால் நியாயம் அவர் பக்கம். உங்களுக்கு முன்னால் பத்துப் பேர் டயர் தடம் பதித்திருக்கிறார்கள் என்பது பதிலாகாது.

ஏகோர்ன், அதாவது ஓக் மரக் கொட்டையின் படம் போட்ட கம்பத்தைப் பார்த்து ஏமாறுகிறவர்களும் உண்டு. அது நேஷனல் டிரெயில் என்ற நெடும்பாதைகளின் சின்னம், அவ்வளவுதான். அதை வைத்து சைக்கிளுக்கு அனுமதி உண்டா இல்லையா என்று சொல்ல முடியாது. வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை 160 கிலோமீட்டர் ஓடும் சவுத் டவுன்ஸ் வேயை முழுக்கவே சைக்கிளில் கடக்கலாம். ஆனால் கிழக்குக் கடைசியில் பாதை இரண்டாகப் பிரியும். செவன் சிஸ்டர்ஸ் வெள்ளைப் பாறைகளின் மேலே போகும் அழகான வழி நடப்பவர்களுக்கு மட்டும். சைக்கிள்காரர்கள் ஆல்ஃப்ரிஸ்டன், ஜெவிங்டன் வழியாக உள்ளே சுற்றிப் போக வேண்டும். படம் எடுக்கும் ஆசையில் கடலோர வழியைப் பிடிப்பவர்கள் நிறைய. ரிட்ஜ்வேயிலும் இதே கதைதான். ஏவ்பரிப் பக்கம் தொடங்கும் மேற்குப் பாதியில் தாராளமாக ஓட்டலாம், தேம்ஸ் ஆற்றைத் தாண்டிய கிழக்குப் பாதியில் பல துண்டுகள் வெறும் ஃபுட்பாத்.

வரைபட விஷயத்துக்கு வருவோம். போனில் இருக்கும் சாதாரண மேப்பை நம்பிக் கிளம்பாதீர்கள். அரசின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் எக்ஸ்ப்ளோரர் வரிசை, 1:25,000 அளவில் இருப்பது, காகிதமாகவும் செயலியாகவும் கிடைக்கிறது. அதில் பச்சை நிறச் சிறு கோடுகள் ஃபுட்பாத், பச்சை நிற நீளக் கோடுகள் பிரைடில்வே. கறுப்புக் கோடு போட்ட பாதைதான் வம்பு. அங்கே தரையில் ஒரு தடம் இருக்கிறது என்று மட்டுமே அதற்கு அர்த்தம், போக உரிமை உண்டு என்று அல்ல. அப்புறம், மேட்டு நிலங்களில் வெளிர்மஞ்சள் பூசியிருக்கும். 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுமக்கள் இஷ்டம்போல் உலவக்கூடிய நிலம் அது. உலவலாம் என்றதும் சைக்கிளை இறக்கிவிடாதீர்கள், அந்த உரிமை கால்நடையாகப் போகிறவருக்கு மட்டும்.

பலரும் ஓட்டிய தடத்தைச் சிவப்பாகக் காட்டும் செயலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பயனுள்ளவைதான். ஆனால் பத்தாயிரம் பேர் தவறாக ஓட்டியிருந்தாலும் அது அங்கே பளிச்சென்றுதான் தெரியும்.

நியூ ஃபாரஸ்ட்டுக்கு இன்னொரு விதி. அங்கே எங்கு பார்த்தாலும் அகலமான சரளைப் பாதை கண்ணை இழுக்கும். இருந்தாலும் சைக்கிளுக்கென்று எண் போட்ட கம்பங்கள் நட்ட பாதைகளில் மட்டும்தான் ஓட்ட வேண்டும். புல்வெளியில் குறுக்கே போகக் கூடாது. மேய்கிற போனிக் குதிரைகள் உங்களைப் பார்த்து நகரும் என்று எதிர்பார்க்கவும் கூடாது.

நிறத்தை நம்பலாம், ஓரளவுக்கு

இந்த உரிமைச் சிக்கல் எதுவும் வேண்டாம் என்றால், சைக்கிளுக்கென்றே அமைத்த டிரெயில் சென்டர்கள் இருக்கின்றன. வடக்கே கில்டர், யார்க்ஷயரில் டால்பி, லேக் டிஸ்ட்ரிக்ட்டில் கிரைஸ்டேல், வின்லேட்டர், நடுவில் கேனக் சேஸ், மேற்கே ஃபாரஸ்ட் ஆஃப் டீன், லண்டனுக்குப் பக்கத்தில் ஸ்வின்லி. டால்பியில் 2010, 2011 ஆண்டுகளில் உலகக் கோப்பைப் பந்தயமே நடந்தது. 2022 காமன்வெல்த் போட்டியின் மவுண்டன் பைக் பந்தயம் நடந்தது கேனக் சேஸில். பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினம் ஏறிக்கொண்டே போகும்.

இங்கே நடக்கும் தவறு என்னவென்றால், தினமும் சாலையில் நாற்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவர் நேராகச் சிவப்புக்குப் போய்விடுவார். மூச்சு இருக்கும், கை இருக்காது. கல், வேர், திடீர் இறக்கம், தொடர் வளைவு எல்லாம் வேறு பழக்கம். முதல் முறை போகும் இடத்தில், உங்களால் முடியும் என்று நினைப்பதற்கு ஒரு படி கீழே தொடங்குங்கள். ஊருக்கு ஊர் இந்த நிறமும் மாறும். நார்ஃபோக்-சஃபோக் எல்லையில் உள்ள தெட்ஃபோர்டு மணற்பாங்கான சமதளக் காடு. வின்லேட்டரோ நிஜமான மலைச்சரிவு. இரண்டிலும் சிவப்புப் பாதை உண்டு, ஆனால் அதை முடித்துவிட்டு இதையும் முடிப்பேன் என்று கணக்குப் போட முடியாது.

மேடு தாண்டும் இடங்களில் முதல் சுற்று மெதுவாகப் போய்ப் பார்த்துவிடுங்கள். டேபிள்டாப் என்ற வகையில் மேலே தட்டையாக இருக்கும், பறக்கத் தெரியாதவர் சும்மா உருட்டிக்கொண்டு போகலாம். கேப் என்ற வகையில் நடுவில் பள்ளம், உருட்ட முடியாது. வேகமாக வரும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

இயற்கையான பிரைடில்வேக்கு நிறமே கிடையாது என்பதையும் மனதில் வையுங்கள். நீல அம்பு உரிமையைத்தான் காட்டுகிறது, நீல டிரெயில் அளவுக்கு எளிது என்று காட்டவில்லை. பீக் டிஸ்ட்ரிக்ட்டில் ஈடேலுக்கு மேலே இருக்கும் ஜேக்கப்ஸ் லேடர் சட்டப்படி பிரைடில்வேதான். செங்குத்தாக, பாறையும் உருளும் கல்லுமாகக் கிடக்கும். நன்றாக ஓட்டுகிறவர்களே சில இடத்தில் இறங்கித் தள்ளுவார்கள். தள்ளுவதில் அவமானம் ஒன்றும் இல்லை.

மழையைவிட மண்

வானிலை பார்க்கிறோம், மண்ணைப் பார்ப்பதில்லை. இங்கிலாந்தின் தென்கிழக்கில் டவுன்ஸ் குன்றுகள் சுண்ணாம்புப் பாறை. கோடையில் வெள்ளை வெளேரென்று, கெட்டியாக, ஓட்டுவதற்கு அருமையாக இருக்கும். ஒரு மழை பெய்துவிட்டால் மேலே பால் போல ஒரு மெல்லிய பசை படியும். அதில் டயர் ஏறினால் சோப்பு நீர் ஊற்றிய மொசைக் தரையில் கால் வைத்த கதைதான். எவ்வளவு நல்ல டயரும் பிடிக்காது. ஏற்றத்தில் பின்சக்கரம் சுற்றும், சைக்கிள் நகராது. இறக்கத்தில் முன்பிரேக்கைத் தொட்டாலே சரியும். இதோடு களிமண்ணும் சேர்ந்தால் சக்கரத்துக்கும் பிரேமுக்கும் நடுவே அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது, குச்சி எடுத்துக் குத்தி எடுக்க வேண்டும். அது போதாதென்று சிக்கிமுக்கிக் கல் துண்டுகள். உடைந்த ஓரம் பிளேடு மாதிரி இருக்கும், டயரின் பக்கவாட்டைக் கிழிக்கும். டவுன்ஸில் ஒரே ஒரு மாற்று டியூபோடு போவது துணிச்சல் என்றுதான் சொல்வேன்.

அதே வாரம், அதே மழையில், சற்று வடக்கே சர்ரே ஹில்ஸில் லீத் ஹில், ஹோம்பரிப் பக்கம் போனால் நிலைமை எவ்வளவோ தேவலை. அங்கே தரை மணற்கல், தண்ணீர் கீழே இறங்கிவிடும். அதனால்தான் குளிர்காலத்தில் பீஸ்லேக் கிராமத்தில் சைக்கிள்காரர்கள் கூட்டம். (அந்தக் கிராமக் கடையின் சீஸ் ஸ்ட்ராவும் ஒரு காரணம், அதை மறைப்பானேன்.) பீக் டிஸ்ட்ரிக்ட்டின் வடபகுதிச் சொரசொரப்பான மணற்கல்லும் டார்ட்மூரின் கருங்கல்லும் ஈரத்திலும் ஓரளவு பிடி கொடுக்கும். பீக்கின் தென்பகுதிச் சுண்ணாம்புக்கல், லேக் டிஸ்ட்ரிக்ட்டின் ஸ்லேட் எல்லாம் நனைந்தால் வழுக்கும். நனைந்த மரவேர் எந்த ஊரிலும் வழுக்கும். வேர்மேல் பிரேக் பிடிக்காமல், திருப்பாமல், முடிந்தவரை நேர்குறுக்காகக் கடந்துவிடுங்கள்.

இன்னொரு மண் உண்டு, பீட் என்கிற கறுப்புச் சதுப்பு. லாங்செட்டிலிருந்து டெர்வென்ட் பள்ளத்தாக்குக்குப் போகும் கட் கேட் பாதை இதற்குப் பேர்போனது. காய்ந்த காலத்தில் இங்கிலாந்தின் மிகச் சிறந்த பாதைகளில் ஒன்று என்பேன். ஈரமான மாதங்களில் போனால் சக்கரம் அச்சு வரை புதையும். அது உங்கள் பிரச்சினை மட்டுமில்லை. சேற்றைத் தவிர்க்க ஆளாளுக்கு ஓரமாகப் போகப்போக, பாதை அகலமாகிப் பக்கத்துச் செடிகொடியெல்லாம் போய்விடும். ஆகஸ்டுக்குத் தள்ளிப்போடுங்கள்.

குதிரை, கதவு, ஆடு

குதிரைக்குப் பின்னாலிருந்து சத்தமில்லாமல் வந்து பக்கத்தில் சட்டென்று தோன்றுவது ஆபத்தான காரியம். மிரண்ட குதிரை ஓட்டுபவரைக் கீழே தள்ளும், உங்களையும் உதைக்கும். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து "ஹலோ" என்று குரல் கொடுங்கள். மணியைவிட மனிதக் குரலே மேல், குதிரைக்கு அது பழகிய சத்தம். ஓட்டுபவர் திரும்பிப் பார்த்துச் சைகை காட்டியபிறகு, இடம்விட்டு மெதுவாகக் கடந்து போங்கள். பாதை குறுகலாக இருந்தால் நின்றுவிடுவது நல்லது.

கதவுகள் எப்படி இருந்தனவோ அப்படியே விட வேண்டும். மூடியிருந்ததை மூட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். திறந்திருந்ததை நல்ல எண்ணத்தில் மூடிவிட்டுப் போவதும் தவறுதான், அந்த வழியாகத்தான் மாடுகள் தண்ணீருக்குப் போகும். மார்ச் முதல் மே வரை பல இடங்களில் ஆடுகள் குட்டி போடும் காலம். அப்போது மந்தையை விரட்டுகிற மாதிரி ஓட்ட வேண்டாம். பசுவுக்கும் கன்றுக்கும் நடுவில் எந்தக் காலத்திலும் நுழையாதீர்கள்.

கடிகாரம், சாப்பாடு, சிக்னல்

அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள். டிசம்பரில் நாலு மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும், காட்டுக்குள் அதற்கும் முன்பே மங்கிவிடும். மதியம் ஒரு மணிக்கு மேல் பெரிய சுற்று ஒன்றைத் தொடங்குவது குளிர்காலத்தில் சரிப்படாது. மலைகள் உயரம் குறைவுதானே என்ற எண்ணமும் வேண்டாம். இங்கிலாந்தின் மிக உயரமான ஸ்கேஃபெல் பைக் 978 மீட்டர்தான். ஆனால் அந்த மலையடிவாரத்தில் உள்ள சீத்வெயிட், இங்கிலாந்தில் மக்கள் வசிக்கும் இடங்களிலேயே அதிக மழை பெறுவது, ஆண்டுக்கு 3 மீட்டருக்கும் மேல். வியர்வையில் நனைந்த சட்டையோடு உச்சிக் காற்றில் பத்து நிமிடம் நின்றால் ஜூனிலும் பல் தந்தியடிக்கும்.

வழியில் பப் இருக்கிறது, அங்கே சாப்பிட்டுக்கொள்ளலாம் என்பது இன்னொரு நம்பிக்கை. பல கிராமத்துப் பப்களில் மதியம் இரண்டு, இரண்டரைக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள். அதன்பின் சிப்ஸ் பாக்கெட்தான். ரயிலில் சைக்கிள் கொண்டுபோக நினைத்தால் அந்தந்த ரயில் நிறுவனத்தின் விதியை முன்பே பாருங்கள். சிலவற்றில் முன்பதிவு கட்டாயம், சிலவற்றில் நெரிசல் நேரத்தில் ஏற்றவே மாட்டார்கள்.

பையில் டியூப், பம்ப், செயின் இணைப்புத் துண்டு, சிறு கருவிப்பெட்டி இவற்றோடு உங்கள் சைக்கிளுக்கே உரிய கியர் ஹேங்கர் ஒன்றையும் போட்டுக்கொள்ளுங்கள். பின் கியரைத் தாங்கும் சின்ன உலோகத் துண்டு அது. கல்லில் இடித்தால் முதலில் வளைவது அதுதான், மாடலுக்கு மாடல் வடிவம் மாறுவதால் அவசரத்துக்கு எந்தக் கடையிலும் கிடைக்காது.

பள்ளத்தாக்குகளில் போன் சிக்னல் போய்விடும். அடிபட்டால் அவசர உதவி எண்ணான 999-க்கு அழைத்து முதலில் போலீஸ் என்று கேட்டு, அவர்களிடம் மவுண்டன் ரெஸ்கியூ (மலை மீட்புக் குழு) வேண்டும் என்று சொல்ல வேண்டும். ஆம்புலன்ஸ் என்று மட்டும் சொன்னால் அது வரக்கூடிய சாலை பக்கத்தில் இருக்காது. மீட்புக்கு வருபவர்கள் தன்னார்வலர்கள், கட்டணம் கேட்க மாட்டார்கள். பேச முடியாத அளவுக்குச் சிக்னல் பலவீனமாக இருந்தால் குறுஞ்செய்தி போகலாம், ஆனால் அதற்கு முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். இப்போதே "ரிஜிஸ்டர்" என்ற ஆங்கிலச் சொல்லை 999-க்கு அனுப்பிப் பதிந்துவிடுங்கள்.

மின்சார மவுண்டன் பைக்கை வாடகைக்கு எடுப்பவர்களுக்கு: மோட்டார் 250 வாட், உதவி மணிக்கு 25 கிலோமீட்டர் வரை, ஓட்டுபவருக்குக் குறைந்தது 14 வயது என்ற வரம்புகளுக்கு உட்பட்டிருந்தால் சட்டத்தின் கண்ணில் அது சாதாரண சைக்கிள். அதற்கு மேல் சக்தி ஏற்றிய வண்டி மோட்டார் வாகனம், பிரைடில்வேயில் அதற்கு வேலையில்லை.

வீடு திரும்பியதும் சைக்கிளைக் கழுவுவதற்கு முன் காலைப் பாருங்கள். வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரை புல்லிலும் பெரணிப் புதர்களிலும் உண்ணி இருக்கும். நியூ ஃபாரஸ்ட், எக்ஸ்மூர், சவுத் டவுன்ஸ் பக்கமெல்லாம் லைம் நோய் பரப்பும் உண்ணிகள் உண்டு. முழங்கால் மடிப்பு, தொடை இடுக்கு, இடுப்புப் பட்டை, அக்குள் இவற்றைத் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் நேராக மேலே இழுக்க வேண்டும். தீக்குச்சி, வாசலின் வைத்தியம் எதுவும் வேண்டாம். பெரும்பாலும் ஒன்றிலிருந்து நாலு வாரத்துக்குள் அந்த இடத்தில் சிவப்பு வட்டம் படர்ந்தாலோ காய்ச்சல் மாதிரி இருந்தாலோ டாக்டரைப் பாருங்கள். எந்தக் காட்டுக்கு, எப்போது போனீர்கள் என்பதை அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.