நாயோடும் பூனையோடும் படகில் பஹாமாஸ்: கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

ஃப்ளோரிடாவில் பாய்மரப் படகு வைத்திருப்பவர்களில் பலருக்கும் முதல் நீண்ட பயணம் பஹாமாஸ்தான். மயாமியிலிருந்து அந்நாட்டின் பிமினி தீவு சுமார் 45 கடல் மைல். 5, 6 நாட் (மணிக்கு 5, 6 கடல் மைல்) வேகத்தில் போகிற படகுக்கு ஒரு பகல் முழுக்க ஆகிவிடும். நாயோ பூனையோ கூட வருகிறதென்றால், மூன்று மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் காகித வேலை

தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப் போடுங்கள், அப்புறம் ரேபிஸ் தடுப்பூசி. இந்த வரிசை மாறினால் பல நாடுகள் அந்த ஊசியையே ஏற்றுக்கொள்ளாது. சிப் 15 இலக்க எண் கொண்ட ஐ.எஸ்.ஓ. (சர்வதேசத் தர) வகையாக இருக்கட்டும். பஹாமாஸுக்குள் போக, பிராணிக்குக் குறைந்தது ஆறு மாத வயது ஆகியிருக்க வேண்டும். ஊசி போட்டு ஒரு மாதமாவது கழிந்திருக்க வேண்டும். கூடவே அந்நாட்டு வேளாண் துறையின் இறக்குமதி அனுமதியும் கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்றும் தேவை.

திரும்பி வருவதையும் இப்போதே யோசிக்க வேண்டும். 2024 ஆகஸ்ட் 1 முதல், அமெரிக்காவுக்குள் வரும் ஒவ்வொரு நாய்க்கும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் இணையப் படிவம் கட்டாயம். பஹாமாஸ் மட்டும் என்றால் அந்தப் படிவமே போதும். ஆனால் இன்னும் தெற்கே டொமினிக்கன் குடியரசு வரை போகிற எண்ணம் துளியாவது இருந்தால், சங்கதி வேறு. அது ரேபிஸ் அபாயம் அதிகமுள்ள நாடுகள் பட்டியலில் இருக்கிறது. அங்கிருந்து வரும் நாய்க்கு, அமெரிக்காவில் ஊசி போட்டதற்கான அரசு ஒப்புதல் பெற்ற தனிச் சான்று வேண்டும். அதை அமெரிக்காவை விட்டுக் கிளம்பும் முன்பே வாங்கியாக வேண்டும், கடலில் இருந்துகொண்டு வாங்க முடியாது. பூனைகளுக்கு இந்தப் படிவத் தொல்லை இல்லை.

டெக்கில் (படகின் மேல்தளத்தில்) ஒன்றுக்குப் போகப் பழக்குங்கள்

என்னைக் கேட்டால், மொத்தத் தயாரிப்பிலும் முக்கியமானது இதுதான். பிமினியில் நங்கூரம் போட்டவுடன் நாயைக் கரைக்குக் கூட்டிப்போக முடியாது. இன்னும் நுழைவு அனுமதி பெறவில்லை என்று காட்டும் மஞ்சள் கொடி ஏற்றிவிட்டு, கேப்டன் மட்டும் இறங்கிப் போய்க் குடியேற்றம், சுங்கம் எல்லாம் முடித்துவரும் வரை மற்றவர்கள் படகிலேயே இருக்க வேண்டும். நன்றாகப் பழக்கிய வீட்டு நாய் படகை வீடாகவே நினைக்கும். அசுத்தம் செய்யக் கூடாது என்று ஒரு நாள் முழுக்க அடக்கிக்கொண்டு தவிக்கும். பார்க்கவே பாவமாக இருக்கும்.

இரண்டடிக்கு மூன்றடி செயற்கைப் புல் விரிப்பு ஒன்று வாங்கி, மூலையில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டுங்கள். முதலில் நாய் வழக்கமாகப் போகும் இடத்திலேயே அதை விரியுங்கள். அதன் சிறுநீர் பட்ட துணியை விரிப்பில் தேய்த்தால் வாசனை பிடித்து வரும். ஒவ்வொரு முறையும் ஒரே வார்த்தையைச் சொல்லுங்கள். போனதும் பிடித்த தீனி கொடுங்கள். பிறகு விரிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, துறையில் கட்டிய படகின் முன் டெக்கில் கொண்டுபோய்ப் போடுங்கள். காலையில் எழுந்ததும் பழக்குவது எளிது. கடைசியாக, பக்கத்தில் எங்காவது நங்கூரமிட்டு ஓர் இரவு தங்கிப் பாருங்கள். திட்டாதீர்கள், திட்டினால் இன்னும் அடக்கும். விரிப்பைக் கழுவ, கயிற்றைப் பிடித்துக் கடலில் வீசி இழுத்தால் போதும்.

பூனைக்கு இவ்வளவு பாடு இல்லை. மணல் தட்டு ஆடாமல் நகராமல் இருக்கும் இடம் ஒன்று பார்த்து வையுங்கள், சரி.

படகைத் தயார் செய்தல்

டெக்கைச் சுற்றியுள்ள கம்பிகளில் வலை கட்டுங்கள். நாய்க்கு முதுகில் கைப்பிடி உள்ள லைஃப் ஜாக்கெட் வேண்டும். தண்ணீரில் விழுந்தால் தூக்க அந்தப் பிடிதான் உதவும். பூனை விழுந்தால் நகத்தால் பற்றி ஏறிவர, படகின் பக்கவாட்டில் தடித்த கயிற்று வலையையோ பழைய கம்பளத்தையோ தொங்கவிடுங்கள். என்ஜினை ஓட்டும் முன் பூனை எங்கே என்று கண்ணால் பார்த்துவிடுங்கள், என்ஜின் அறையின் கதகதப்பு அதற்குப் பிடிக்கும். மருந்துப் பெட்டியில் உள்ள பாராசிட்டமாலைப் பூனைக்குக் கொடுக்கவே கூடாது, உயிருக்கே ஆபத்து.

கடக்கும் நாள்

வழியில் கடக்க வேண்டிய கல்ஃப் ஸ்ட்ரீம் நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடுகிறது. வடக்கிலிருந்து காற்று எதிர்த்து வீசினால் அலை செங்குத்தாக எழும், மனிதர்களுக்கே தாங்காது. காற்று திசை மாறும் வரை காத்திருங்கள். கிளம்பும் முன் வயிறு நிறையத் தீனி வேண்டாம். நாய்க்குக் குமட்டல் வருமென்றால் மாரோபிடன்ட் மருந்து பற்றிக் கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். 20 கிலோ நாய்க்குச் சாதாரண நாளிலேயே ஒரு லிட்டர் அளவு தண்ணீர் வேண்டும், வெயிலில் இன்னும் கூடும். காக்பிட்டில் (படகை ஓட்ட உட்காரும் இடத்தில்) நிழல் கட்டுங்கள். டெக்கில் உங்கள் கையை வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் வெந்துபோகும்.

கரை இறங்கியதும் நாய் தாகத்தில் கடல்நீரைக் குடிக்கப் பார்க்கும். அதனால் கரைக்குப் போகும் சின்னப் படகான டிங்கியில் நல்ல தண்ணீரும் கிண்ணமும் எடுத்துப் போங்கள். பஹாமாஸின் எக்ஸுமா தீவுகள் பக்கம் போனால், அழியும் நிலையிலுள்ள பாறை இகுவானாக்கள் (பெரிய ஓணான் வகை) வாழும் சின்னத் தீவுகள் உண்டு. அங்கே நாயை இறக்கவே வேண்டாம், படகிலேயே இருக்கட்டும்.