மழைக்கு முன் தெருவைத் தயார் செய்கிறவர்கள் செய்யும் தவறுகள்

சென்னையில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூருக்கு அருகே புதிதாக எழுந்த ஒரு குடியிருப்பின் நலச்சங்கத்தார், வடகிழக்குப் பருவமழைக்கான முன்னேற்பாட்டுக் கூட்டத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். செயலாளரான இளைஞர் புரொஜெக்டரில் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார்: டார்ச், பவர் பேங்க், அவல், பிஸ்கட், முதலுதவிப் பெட்டி. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அடுத்தடுத்த படங்களில் 2015 டிசம்பர் வெள்ளத்தில் நானும் என் தெருக்காரர்களும் செய்த பிழைகள் ஏறக்குறைய அதே வரிசையில் வந்ததைப் பார்த்தபோது, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. மெழுகுவத்தி வாங்க மறப்பவர்களுக்காக இதை எழுதவில்லை. ஓர் இரவு இருட்டில் உட்கார்ந்தால் அதைத் தாமே கற்றுக்கொள்வார்கள்.

தெருவின் பட்டியலைக் கைப்பேசிக்குள் வைத்திருப்பது

எங்கள் தெருவுக்கு அப்போது ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. நான்தான் அதன் அட்மின். டிசம்பர் 1 மாலை வரை குழுவில் அவ்வளவு சுறுசுறுப்பு. யார் வீட்டுப் படியில் எத்தனை அங்குலம் தண்ணீர் என்று படம் போட்டார்கள். நான் எல்லாருக்கும் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். இதைத்தான் முன்னேற்பாடு என்று நம்பியிருந்தேன். அன்று காலையிலிருந்து 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்தது 49 செ.மீ. மழை. இரவு மின்சாரம் போனது; செல்போன் கோபுரங்கள் பேட்டரி தீரத் தீர ஒவ்வொன்றாக அடங்கின. விடிந்தபோது கீழ்த்தளங்களில் மார்பளவு தண்ணீர். என் கையில் சிக்னல் இல்லாத ஒரு கைப்பேசி, அதில் பதினோரு சதவீதம் சார்ஜ்.

மறுநாள் முற்பகலில் மீனவர்கள் இருவர் படகு கொண்டுவந்தார்கள். மொட்டை மாடியிலிருந்து கையசைத்த என்னிடம் முன்னால் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "நடக்க முடியாதவங்க எந்த வீட்ல இருக்காங்கண்ணே?" என்பதுதான். என்னிடம் பதில் இல்லை. ஐந்து ஆண்டுகள் குடியிருந்த தெரு அது. குழுவில் "அப்பு அப்பா", "எஃப் 2", "பிளம்பர் வீட்டு எதிர்வீடு" என்று பெயர்கள் இருந்தன. அவற்றை வைத்து எந்த வீட்டில் யார் படுத்த படுக்கையாக இருக்கிறார் என்று சொல்ல முடியாது. படகு வீடு வீடாகப் போய்க் குரல் கொடுத்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் கழிந்த பிறகுதான், ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்த, பக்கவாதத்தால் படுத்திருந்த பெரியவரைக் கண்டுபிடித்தார்கள். அவருடைய மனைவி சாப்பாட்டு மேசையின் மேல் மெத்தையைப் போட்டு அவரைக் கிடத்திவிட்டு, மேசை மிதந்துவிடாமல் இரவு முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவரிடம் இருந்தது பழைய பட்டன் போன். குழுவில் அவர் இல்லை. வேறு ஊரில் வசித்த வீட்டு உரிமையாளர் இருந்தார்.

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். ஸ்மார்ட்போனும் ஓய்வும் உள்ளவர்களே குழுவில் சேர்கிறார்கள். தூக்கிக்கொண்டு வரவேண்டியவர்கள் பெரும்பாலும் அதற்கு வெளியே இருக்கிறார்கள். குழு எவ்வளவு கலகலப்பாக இருக்கிறதோ அவ்வளவுக்கு இந்த ஓட்டை கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. சிக்னல் திரும்பிய பிறகும் தொல்லை தீரவில்லை. "இரண்டாவது குறுக்குத் தெருவில் பாட்டி மாட்டிக்கொண்டிருக்கிறார்" என்ற செய்தியில் தேதியும் இல்லை, நேரமும் இல்லை; பாட்டி தம் மகள் வீட்டில் ரசஞ்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த நாளில் அவரைத் தேடி இன்னொரு படகு வந்தது. அதே நாள்களில்தான் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற புரளியும் ஊர் முழுக்கச் சுற்றியது. பண்ணை மறுத்ததைவிட முதலைகளே வேகமாகப் பரவின.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் பல பகுதிகளில் மின்சாரமும் செல்போன் தொடர்பும் நாள்கணக்கில் இல்லை. அதற்குப் பிறகும் அந்தச் செயலாளர் எனக்குக் காட்டியது பதினான்கு நெடுவரிசைகள் கொண்ட ஒரு கூகுள் ஷீட். இணையம் போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஆஃப்லைனில் வைத்துக்கொள்ளலாம் என்றார். எந்தக் கைப்பேசியில், அதற்கு எங்கே சார்ஜ் என்று கேட்டபோது கூட்டம் சற்று அமைதியானது.

தேவை ஒரு காகிதம்தான். கதவு எண், தளம், இரவில் அங்கே உறங்குவோர் எத்தனை பேர், தாமாக நடக்க இயலாதவர் உண்டா, இன்சுலின் அல்லது ஆக்சிஜன் கருவி தேவையா, டயாலிசிஸ் என்றால் எந்தக் கிழமைகளில், வெளியூர் உறவினர் ஒருவரின் எண், மாற்றுச் சாவி யாரிடம் உள்ளது என்பவை மட்டும் போதும். கீழே அவசர உதவிக்கான 112, 1070, 1077 ஆகிய எண்களை எழுதுங்கள். பந்துமுனைப் பேனாவால் எழுதுங்கள். எங்கள் முதல் பட்டியலை நான் மைப் பேனாவால் எழுதி, அது ஈரத்தில் ஊதாக் கறையாகிப்போனது. பாலித்தீன் உறையிலிட்டு, தெருவின் இரு முனைகளிலும் மாடியில் குடியிருப்போரிடம் ஒவ்வொரு பிரதி இருக்கட்டும். பத்து வீட்டுக்கு ஒருவர் நேரில் போய்க் கதவைத் தட்டிக் கேட்க வேண்டும். பின்கட்டையும் மாடி அறையையும் விடக் கூடாது. வாடகைக்காரர்கள் பள்ளி திறக்கும் சமயத்தில் மாறுவதால், செப்டம்பரில் மறுபடியும் ஒரு நடை நடக்க வேண்டும். தனியே வாழும் முதியவர்களின் விவரம் திருடனுக்கும் பயன்படும் என்பதால், இந்தத் தாளைப் படம் எடுத்துக் குழுவில் போடக் கூடாது.

இதோடு ஒரு துணி வழக்கத்தையும் ஏற்படுத்திக்கொண்டோம். மாடிக் கைப்பிடியிலோ சன்னல் கம்பியிலோ சிவப்புத் துணி கட்டியிருந்தால் உதவி வேண்டும் என்று பொருள். வெள்ளைத் துணி என்றால் எல்லாரும் வெளியேறிவிட்டார்கள், அங்கே படகு நிற்க வேண்டியதில்லை.

வேறு ஏரியின் செய்தியைப் பார்த்துக்கொண்டிருப்பது

முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்தில் இருப்பவர்கள்கூடத் தொலைக்காட்சியில் செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். 2015-இல் அங்கிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறந்துவிட்டதால் அந்தப் பெயர் எல்லார் மனத்திலும் பதிந்துவிட்டது. ஆனால் செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் திருநீர்மலை அருகேதான் அடையாற்றில் சேர்கிறது. அது மணப்பாக்கத்துக்கும் சைதாப்பேட்டைக்கும் கவலை. எங்களுக்கு வருவது ஆதனூர், மணிமங்கலம் முதலான மேற்பகுதி ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர். அதனால்தான் இங்கே மழை ஓய்ந்த பிறகும் மட்டம் சில மணி நேரம் ஏறிக்கொண்டே இருக்கும். உங்கள் தெருவுக்கு எந்த ஏரியின் தண்ணீர், எந்தக் கால்வாய் வழியாக வருகிறது என்பதைப் பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வானிலை மையம் 20 செ.மீ.க்கு மேற்பட்ட அதி கனமழை என்று எச்சரித்தால், கீழ்த்தளத்து முதியவர்களைப் பகல் வெளிச்சத்திலேயே மாடிக்கு மாற்றிவிடுவது நல்லது. அன்றிரவு ஒன்றும் நடக்காமல் போனால் கேலி செய்வார்கள், செய்யட்டும்.

மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்து பார்ப்பது

வேண்டாம். எஞ்சின் போய்விடும்; தனியாக எஞ்சின் பாதுகாப்பு எடுத்திருந்தாலொழியக் காப்பீடும் பெரும்பாலும் கிடைக்காது.

மின்வாரியம் இணைப்பைத் துண்டித்ததும் ஆபத்து நீங்கியதாக நினைப்பது

தெருவில் மின்சாரம் இல்லாதபோதும் இன்வெர்ட்டர் உள்ள வீட்டின் சுவர் பிளக்குகளில் மின்சாரம் இருக்கும். தண்ணீர் படியேறும் முன்பே, கால் உலர்ந்திருக்கும்போதே, மெயினோடு இன்வெர்ட்டரையும் அணைத்துவிட வேண்டும்.

இன்சுலினை ஐஸ்கட்டிக்குள் புதைப்பது

உறைந்தால் வீண். திறந்த குப்பி சாதாரண அறை வெப்பத்திலேயே சுமார் நான்கு வாரம் தாங்கும்.

சம்ப்பைத் திறந்து பார்க்காமல் மோட்டாரைப் போடுவது

இதைச் செய்தவன் நான். மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்து, யாரோ ஜெனரேட்டர் கொண்டுவந்த மகிழ்ச்சியில், சம்ப் என்கிற நிலத்தடித் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்க்காமலே சுவிட்சைத் தட்டிவிட்டேன். சம்ப்புக்குள் கழிவுநீர் புகுந்திருந்தது. மேல்நிலைத் தொட்டியில் எட்டு வீட்டுக்காரர்களும் இரண்டு நாளாகச் சொம்பு சொம்பாகச் சிக்கனம் செய்து மிச்சம் வைத்திருந்த நல்ல தண்ணீரோடு அது கலந்துவிட்டது. தொட்டியைக் காலி செய்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவவும் தண்ணீர் வேண்டுமே. அதற்கு லாரி வர மேலும் நான்கு நாள் ஆனது.