எதுக்களிக்கும் பிள்ளையின் பல்லைக் கவனிக்கிறீர்களா?

பிள்ளைக்கு அடிக்கடி எதுக்களிக்கிறது என்றால் வயிற்றைப் பார்க்கிறோம், பல்லைப் பார்ப்பதில்லை. அமிலத்தின் கடுமையைக் காட்டும் அளவு பிஎச்; அது குறையக் குறைய அமிலம் கடுமையாகும். வயிற்று அமிலத்தின் பிஎச் அளவு 2-ஐ ஒட்டி இருக்கும். பல்லின் மேலுறையான எனாமலோ, வாயில் பிஎச் 5.5-க்குக் கீழே போனாலே கரையத் தொடங்கிவிடும். பால்பல்லில் அந்த எனாமலும் மெல்லியது.

இதில் பெரிய தவறு, நல்லெண்ணத்தில் செய்வதுதான். ராத்திரி வாந்தி எடுத்த பிள்ளையையும், “வாய் புளிக்குதும்மா” என்று எழுந்து வரும் பிள்ளையையும் உடனே பல் தேய்க்க அனுப்புகிறோம். அமிலம் பட்ட எனாமல் அப்போது இளகியிருக்கும். பிரஷ் பட்டால் தேய்ந்தே போகும். உப்பு, கரித்தூள் என்றால் இன்னும் மோசம். முதலில் வெறும் தண்ணீரில் நன்றாகக் கொப்பளிக்க வையுங்கள். விழுங்காமல் துப்பத் தெரிந்த பிள்ளை என்றால் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து கொடுக்கலாம். அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துத் தேய்க்கட்டும். ஸ்கூல் வேன் வந்து நிற்கும் அவசரம் புரிகிறது. ஆனாலும் அந்த அரை மணி நேரத்தை எப்படியாவது கொடுங்கள்.

அப்புறம், சிரிக்கும்போது பல் வெள்ளையாகத் தெரிகிறது என்று விட்டுவிடாதீர்கள். எதுக்களிப்பு அரிப்பது பெரும்பாலும் மேல்வரிசை முன்பற்களின் உட்பக்கத்தையும் கடைவாய்ப் பற்களின் மேற்பரப்பையும்தான். அண்ணாந்து வாயைத் திறக்கச் சொல்லி செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். உள்பக்கம் வழவழவென்று மஞ்சளாக இருக்கிறதா, கடைவாய்ப் பல்லில் சின்னச் சின்னக் குழி தெரிகிறதா, ஐஸ் தண்ணீர் பட்டால் கூசுகிறதா? இதையெல்லாம் சொத்தை என்று நினைத்து மிட்டாயைத் திட்டிக்கொண்டிருப்போம்.

“பால்பல்தானே, விழுந்துடும்” என்பதும் சரியல்ல. சுமார் 6 வயதில் பால்பற்களுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப் பல் ஆயுசுக்கும் இருக்க வேண்டியது. அதுவும் அதே அமிலத்தில்தான் நனைகிறது. கரைந்த எனாமல் திரும்ப வளராது.

நம்ம வடசென்னை சாப்பாட்டையும் சொல்லத்தான் வேண்டும். செரிக்கவில்லை என்றால் பெட்டிக்கடையில் லெமன் சோடா வாங்கிக் கொடுக்கிற பழக்கம் நிறைய வீடுகளில் உண்டு. ஏப்பத்தோடு அமிலமும் மேலே வரும், எலுமிச்சையின் அமிலம் வேறு சேரும். பர்மா நூடுல்ஸான அத்தோ விற்கும் வண்டியைப் பார்த்தால் பிள்ளை விடாது, சரி, சாயங்காலமே வாங்கிக் கொடுங்கள். அப்பா வேலை முடிந்து வரும் பத்து மணிக்கு அவரோடு இன்னொரு தடவை சாப்பிட்டு அப்படியே படுப்பதுதான் ஆபத்து. தூக்கத்தில் எச்சில் குறைவாகச் சுரப்பதால் மேலே வந்த அமிலம் பல்லிலேயே தங்கும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே 2 மணி நேரமாவது இருக்கட்டும்.

வீட்டில் பெரியவர்கள் குடிக்கும் அசிடிட்டி மருந்தை நீங்களாக ஊற்றிக் கொடுக்காதீர்கள். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பல் டாக்டரிடம் போனால், அது கோட்டை ரயில் நிலையம் பக்கத்திலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியோ தெருமுனை கிளினிக்கோ, எதுக்களிப்பு இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அது தெரியாமல் பல்லை மட்டும் அடைத்தால், அடைத்த இடத்தைச் சுற்றி அரிப்பு தொடர்ந்துகொண்டே இருக்கும்.