வாடகை கேரவனுக்குப் பின்னால் கார் கட்டி இழுக்கிறீர்களா?

கேரவனை வாடகைக்கு எடுத்து, பின்னால் டிரெய்லரில் சொந்தக் காரையும் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிப் பக்கம் வர நினைக்கிறீர்களா? யோசனை நல்லதுதான். கேரவனை அம்பாசமுத்திரத்தில் நிறுத்திவிட்டு மணிமுத்தாறு, பாபநாசம் என்று காரில் சுற்றலாம்.

முதலில் வாடகை ஒப்பந்தத்தைப் படியுங்கள். பின்னால் எதையும் இழுக்கக் கூடாது என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். மீறினால் காப்பீடு கைகொடுக்காமல் போகலாம். "பரவாயில்லை சார், கட்டிக்கோங்க" என்ற வாய்வார்த்தை போதாது, எழுதி வாங்குங்கள்.

அப்புறம் எடை. காரும் டிரெய்லரும் சேர்ந்த எடையில் 10 முதல் 15 சதவீதம், கேரவனின் பின்னால் டிரெய்லரை மாட்டும் கொக்கியின் மேல் இறங்க வேண்டும். 2000 கிலோ என்றால் 200 முதல் 300 கிலோ. கேரவனின் கொக்கி அதைத் தாங்குமா என்றும் கேளுங்கள். காரை டிரெய்லரில் பின்னுக்குத் தள்ளி நிறுத்தினால் கொக்கி லேசாகி, வால் ஆட ஆரம்பிக்கும். மாட்டு வண்டியில் முன்பாரம், பின்பாரம் பார்த்து ஏற்றுவார்களே, அதே கணக்கு.

ஆனி, ஆடியில் திருநெல்வேலி - நாகர்கோவில் சாலையில் பணகுடி தாண்டிக் காவல்கிணறு போகும்போது பக்கவாட்டில் காற்று தள்ளும். சும்மாவா அங்கே அத்தனை காற்றாலை நட்டிருக்கிறார்கள்! டிரெய்லர் ஆடினால் சடாரென்று பிரேக் மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கையும் ஒடிக்காதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, நேராகப் பிடியுங்கள். வேகம் குறையக் குறைய ஆட்டம் அடங்கும். டிரெய்லருக்குத் தனி பிரேக் இருந்தால் அதை மட்டும் மெல்லக் கொடுக்கலாம்.

காரைக் கட்டிய பட்டைகள் ஓட்டத்தில் தளரும். கிளம்பிய 20 கிலோமீட்டருக்குள் ஒரு டீக்கடையில் நிறுத்தி இறுக்கிவிடுங்கள்.