ஃபில்டர் தேடலுக்கு யூஆர்எல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாலைந்து ஃபில்டர் போட்டுத் தேடிய பக்கத்தின் முகவரியை இன்னொருவருக்கு அனுப்புகிறோம். அவர் திறந்தால் மொத்தப் பட்டியலும் வந்து நிற்கிறது. தேடலை போஸ்ட் முறையில் (தகவலை முகவரியில் காட்டாமல்) அனுப்பினாலோ, ஃபில்டர்களை ஜாவாஸ்கிரிப்ட்டுக்குள் மட்டும் வைத்துக்கொண்டாலோ இதுதான் நடக்கும். தேடல் எதையும் மாற்றுவதில்லை, படிப்பதோடு சரி. அதற்கு, தகவலை முகவரியிலேயே வைத்து அனுப்பும் கெட் முறை போதும்.

யூஆர்எல்லில் வைக்கலாம் என்று முடிவெடுத்ததும் அடுத்த தவறு தொடங்குகிறது. அழகாக இருக்கட்டும் என்று எல்லா ஃபில்டரையும் பாத்தில் (முகவரியில் சாய்கோடு போட்டுப் பிரிக்கும் பகுதி) அடுக்குவோம்: /புத்தகங்கள்/தமிழ்/வரலாறு/கெட்டி/2019. நானும் ஒரு காலத்தில் இதையே செய்தேன். மொழியைத் தேர்ந்தெடுக்காமல் ஒருவர் /புத்தகங்கள்/வரலாறு என்று வந்தபோது, 'வரலாறு' என்பது மொழியா, வகையா என்று, முகவரியைப் படித்து எந்தப் பக்கம் என முடிவெடுக்கும் ரூட்டருக்குத் தெரியவில்லை. அதைச் சமாளிக்க /புத்தகங்கள்/எல்லாம்/வரலாறு/எல்லாம்/எல்லாம் என்று ஒட்டுப்போட்டேன். வரிசை எப்படி இருந்தாலும் ஏற்கலாமே என்றால், நான்கு ஃபில்டருக்கு 24 முகவரிகள். அத்தனைக்கும் ஒரே விடை. தேடுபொறியின் கிராலர் (பக்கங்களைத் தானாகப் படித்துச் செல்லும் நிரல்) அதையெல்லாம் தனித்தனிப் பக்கமாக நினைத்துச் சுற்றும்.

பாத் என்பது படிநிலை உள்ள தகவலுக்கு, குவெரி (முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் வரும் பகுதி) படிநிலை இல்லாததற்கு என்று, முகவரி எழுதும் முறையை வரையறுக்கும் ஆர்எஃப்சி 3986 ஆவணம் பிரித்துச் சொல்கிறது. மொழிக்கும் அட்டைக்கும் இடையே மேலே எது, கீழே எது? எதுவும் இல்லை. அதனால் இப்போது நான் எழுதுவது: /புத்தகங்கள்/வரலாறு?அட்டை=கெட்டி&மொழி=தமிழ். வகை மட்டும் பாத்தில், மற்றதெல்லாம் குவெரியில். குவெரியிலும் வரிசை மாறினால் வேறு முகவரிதான். லிங்க் உருவாக்கும் இடத்திலேயே பெயர்களை அகரவரிசைப்படுத்திவிடுங்கள். குவெரியைக் கையாளும் ஜாவாஸ்கிரிப்ட் வசதியான யூஆர்எல்சர்ச்பாரம்ஸில் அதற்கென்றே சார்ட் என்ற மெத்தட் இருக்கிறது.

நிரப்பாத பெட்டிகளையும் ஃபார்ம் விடாமல் அனுப்பும். ?அட்டை=&ஆண்டு=&மொழி=தமிழ் என்று வால் நீளும். காலியானதை நீக்குங்கள்.

பக்க எண்ணை மறப்பதுதான் எனக்குத் தெரிந்து அதிகம் பேர் செய்கிற தவறு. பயனர் 7ஆம் பக்கத்தில் இருந்தபடி ஒரு ஃபில்டரைச் சேர்க்கிறார். இப்போது மொத்தமே இரண்டு பக்கம்தான், ஆனால் பக்கம்=7 அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. திரையில் 'முடிவுகள் இல்லை'. அவரும் நம்பிவிட்டுப் போய்விடுகிறார். ஃபில்டர் மாறினால் பக்க எண் போக வேண்டும்.

ஒரே பெயருக்கு இரண்டு மதிப்பு வந்தால்? மொழி=தமிழ்&மொழி=இந்தி என்பதில் சர்வரில் ஓடும் பிஎச்பி மொழி கடைசியை மட்டும் வைத்துக்கொள்ளும்; இரண்டும் வேண்டுமென்றால் பெயரோடு சதுர அடைப்புக்குறி சேர்க்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட்டில் சர்வர் எழுத உதவும் எக்ஸ்பிரஸ், மதிப்பு ஒன்றிருந்தால் ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்), இரண்டிருந்தால் அரே (பட்டியல்) தரும். இரண்டை வைத்தே டெஸ்ட் செய்துவிட்டு, ஒன்று வரும்போது உடைகிற நிரல்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், யூஆர்எல்லை ஸ்ட்ரிங் ஒட்டிக் கட்டாதீர்கள். 'சி++' என்று தேடினால், கூட்டல் குறிகள் இரண்டும் சர்வரில் வெற்றிடமாகிவிடும். இத்தகைய குறிகளை % குறியீடுகளாக மாற்றி என்கோட் செய்ய வேண்டும். தமிழ் எழுத்துகளும் அப்படியே மாறும் என்பதால் நீளத்தையும் கவனியுங்கள்: 'தமிழ்' என்ற ஒரு சொல்லே 45 எழுத்தாக விரியும்.

விலை ஸ்லைடரை இழுக்கும் ஒவ்வொரு அசைவுக்கும், பிரவுசர் வரலாற்றில் புதிய முகவரியைச் சேர்க்கும் புஷ்ஸ்டேட்டை அழைத்தால், முந்தைய தேடலுக்குத் திரும்ப பேக் பட்டனை முப்பது முறை அழுத்த வேண்டியிருக்கும். இழுத்துக்கொண்டிருக்கும்வரை முகவரியைத் தொட வேண்டாம். விரலை எடுத்ததும் ஒரே ஒரு முறை புஷ் செய்தால் போதும்.