தோள் விறைக்காத படுக்கை

மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதியில் பிரதான வீதியோரம் எனக்கு ஒரு சின்னக் குசன் கடை. ஓட்டோ சீற், வான் சீற், வீட்டுச் செற்றி என்று எது வந்தாலும் தைப்பேன். 26 வருடமாக ஊரார் உட்காருவதற்கு அளவெடுத்த நான், நான் படுப்பதற்கு ஒருநாளும் அளவெடுத்ததில்லை. போன வருடம் விடியப்புறத்தில் வலது கை விறைத்துப்போகத் தொடங்கியது. டொக்டர் பார்த்துவிட்டு, பெரிய கோளாறு ஒன்றுமில்லை, வலப்பக்கம் படுக்காதீர்கள் என்றார். எனக்கோ வலப்பக்கம் சரிந்தால்தான் கண்ணே மூடும். சரி, படுக்கிற பக்கத்தை மாற்ற முடியாவிட்டால் படுக்கையை மாற்றுவோம் என்று இறங்கினேன். உங்களுக்குப் பகலிலும் விறைப்பு இருந்தால், கையில் பிடி தளர்ந்தால், முதலில் டொக்டரிடம் போங்கள். இதை மறுகா வாசிக்கலாம்.

உடம்புக்கு இயல்பான கிடை எது என்று தெரிய பாசிக்குடாக் கடலுக்குப் போனால் போதும். இடுப்பளவுத் தண்ணீரில், பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்துக் குப்புற மிதந்து பாருங்கள். உதைக்காமல் நீந்தாமல் உடம்பை விட்டுவிட்டால் கைகள் முன்னால் தொங்கும், முழங்கால் தானாக மடியும், முதுகு கொஞ்சம் வளையும். பலகைபோல் நீட்டிக்கொண்டு மிதக்க வேண்டுமென்றால் அதற்குத் தனியாக முயற்சி வேண்டும். 1973, 74இல் நாசாவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தில் இருந்தவர்களின் உடம்பும் எடையில்லாத இடத்தில் இப்படித்தான் நின்றது. படம் எடுத்து அளந்தபோது உடம்புக்கும் தொடைக்கும் இடையில் சுமார் 128 பாகை, முழங்காலில் சுமார் 133 பாகை வந்திருக்கிறது. நேராக நின்றால் இரண்டும் 180. அதாவது நன்றாகவே மடிந்திருக்கிறது.

இந்தக் கணக்கை மல்லாந்து படுத்துச் செய்துபார்த்தேன். முழங்காலை நன்றாகத் தூக்க வேண்டும், மேலுடம்பையும் உயர்த்த வேண்டும், கடைசியில் சாய்மனைக் கதிரை ஒன்று வந்து நிற்கும். அதில் இரவு முழுக்கக் கிறுகிப் புரள முடியாது. பக்கவாட்டில் படுத்தாலோ அந்தக் கோணம் காசில்லாமல் கிடைக்கிறது, காலைக் கொஞ்சம் மடித்தால் சரி. அதனால் நான் பக்கவாட்டுக்காரரின் கட்சி.

என் அம்மாவுக்கு 78 வயது. கட்டில் இருந்தும் பன்பாயில்தான் படுப்பார். நான் அளவு நாடாவோடு நிற்பதைப் பார்த்து, "ஏன் மனே, படுக்கிறதுக்கும் பற்றன் வெட்டணுமா?" என்றார். அவர் தலையணை வைப்பதில்லை, முழங்கையை மடித்துத் தலைக்குக் கொடுத்துச் சரிந்து கிடப்பார். மைக்கேல் டெட்லி என்ற பிரித்தானிய இயன்மருத்துவர் 2000ஆம் ஆண்டில் ஒரு மருத்துவ சஞ்சிகையில், தரையில் தலையணை இல்லாமல் படுக்கும் மக்கள் இப்படிக் கையையே தலையணையாக்குவதைப் பற்றி எழுதியிருக்கிறார். அது அவருடைய அவதானிப்பு, சோதனை செய்து நிறுவியதல்ல. ஆனால் அம்மாவின் கையைப் பார்த்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. பாயில் தோள் கீழே அமுங்காது. அதனால் தலைக்கும் தரைக்கும் நடுவில் பெரிய இடைவெளி, அதை அடைக்கத்தான் கை. மெத்தையில் தோள் எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவுக்குத் தலையணை உயரம் குறைந்து பதிவாக இருக்கவேண்டும். தலையணையை மட்டும் தனியாகக் கடையில் தெரிவு செய்வது, ஓட்டோவைப் பார்க்காமல் சீற் தைப்பது மாதிரி.

ஆகவே அளவு. சுவரில் ஒரு பக்கத் தோள் முட்ட நேராக நில்லுங்கள். தலையைச் சாய்க்க வேண்டாம். சுவரிலிருந்து உங்கள் காது வரைக்கும் ஒருவர் அளக்கட்டும். எனக்கு ஐந்தரை அங்குலம், மனைவிக்கு நாலு. பிறகு உங்கள் மெத்தையில் பக்கவாட்டில் படுத்து, தோள் எவ்வளவு அமுங்குகிறது என்று பக்கத்தில் ஓர் அடிமட்டத்தை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு ஒன்றரை அங்குலம். ஐந்தரையில் ஒன்றரை போனால் நாலு. இதுதான் தலை வைத்த பிறகு தலையணையின் உயரம். "வைத்த பிறகு" என்பதைக் கவனியுங்கள். மனிதத் தலை ஏறக்குறைய 5 கிலோ. அந்த எடைக்கு ஒரு அரிசிப் பையைத் தலையணையின் நடுவில் வைத்து, அமுங்கிய இடத்தின் தடிப்பை அளந்தால் சரியாகத் தெரியும். எங்கள் வீட்டுத் தலையணை பார்வைக்கு ஏழு அங்குலம், அரிசிப் பைக்குக் கீழே இரண்டரை. இவ்வளவு நாளும் என் கழுத்து தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

தலையணைக்கு இலவம்பஞ்சுதான் நல்லது. ஸ்பொஞ்ச் வெட்டினால் வெட்டியதுதான், இலவம்பஞ்சைக் கூட்டலாம், குறைக்கலாம். உள் உறையின் ஒரு ஓரத்தில் ஐந்து அங்குலத்துக்கு சிப் வைத்துத் தையுங்கள். அரிசிப் பையை வைத்து, கை நிறையப் பஞ்சைப் போட்டு எடுத்து, உங்கள் அளவு வரும்வரை சரிபண்ணலாம்.

இப்போது மெத்தை. இதில்தான் நான் முதலில் கோட்டை விட்டேன். என் தோள் விழும் இடத்தில் ஸ்பொஞ்சை வட்டமாகத் தோண்டி ஒரு பள்ளம் செய்தேன். படுத்த பத்து நிமிடம் சொர்க்கம். மனிதன் தூக்கத்தில் பலமுறை கிறுகுவான் என்பதை மறந்துபோனேன். மற்றப் பக்கம் திரும்பினால் அந்தத் தோளுக்குப் பள்ளம் இல்லை, முதுகு பள்ளத்துக்குள். விடிய எழும்பும்போது கையோடு இடுப்பும் பிடித்திருந்தது. எங்கள் பக்கத்துத் தோணிக்காரர் மாமரத்தில் வலை ஊஞ்சல் கட்டிப் பகலில் படுப்பார். அதிலும் இதே சிக்கல், அரை மணித்தியாலத்துக்கு நல்லது, இரவுக்கு ஆகாது.

இரண்டாவது தடவை பள்ளத்தை விட்டுவிட்டு, கட்டிலின் அகலம் முழுக்க ஓடும் பட்டியாக வெட்டினேன். அடியில் பழைய தும்பு மெத்தை, அது கெட்டி, ஆளைத் தாங்கும். அதன்மேல் மூன்று அங்குல ஸ்பொஞ்ச் மூன்று துண்டு. தலைமாட்டிலிருந்து 12 அங்குலத்துக்குக் கெட்டியானது, அதன்மேல்தான் தலையணை வரும். அடுத்த 14 அங்குலத்துக்கு மெதுவான ஸ்பொஞ்ச், தோளுக்கும் மேற்கைக்கும். அங்கிருந்து கால்மாடு வரை மறுபடி கெட்டி. நான் ஐந்தடி ஆறு அங்குலம். உங்கள் இடத்தை அறிய, தலையணையில் படுத்துக்கொண்டு தோளின் மேல் ஓரத்திலும் கமக்கட்டுக்குக் கொஞ்சம் கீழேயும் தையல் சோக்கால் கோடு போடச் சொல்லுங்கள். மனைவி என்னைவிட ஐந்து அங்குலம் கட்டை, ஆனால் தலை ஒரே இடத்தில் இருப்பதால் தோள் ஒரு அங்குலம்தான் வித்தியாசப்பட்டது. ஒரே பட்டி இருவருக்கும் போதும். எந்தப் பக்கம் கிறுகினாலும் தோள் அதற்குள்தான் விழும்.

துண்டுகளைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். பசை காய்ந்த இடம் கட்டியாகி விலாவில் குத்தும். துண்டுகளை இறுக்கமாக அடுக்கி, மேலே பருத்தித் துணி உறை தைத்து இழுத்துவிட்டால் அசையாது. மெதுவான துண்டுதான் முதலில் பதிந்துபோகும், அதை மட்டும் மாற்றலாம். ரெக்சின் உறை வேண்டவே வேண்டாம். சூடான கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அதில் படுத்தால் அவித்தெடுக்கும். (கடலைக் கச்சான் வேறு, இது ஆளைக் காய வைக்கிற கச்சான்.)

போட்டு முடிந்ததும் சோதனை. சட்டையைக் கழற்றி, பிடரி அடி, முதுகின் நடு, இடுப்பு, அடி முதுகு என்று முள்ளந்தண்டு நெடுக நாலு இடத்தில் சின்னத் துண்டு பிளாஸ்ரர் ஒட்டி, பக்கவாட்டில் படுங்கள். பின்னாலிருந்து போனில் படம் எடுக்கட்டும். நாலு புள்ளியும் கட்டிலுக்கு இணையாக ஒரே கோட்டில் வரவேண்டும். என் முதல் படத்தைப் பார்த்து மனைவி, "இஞ்சாருங்க, கடலுக்குச் சாஞ்ச தென்னை மாதிரிக் கிடக்கு" என்றா. இடுப்பு அமுங்காமல் மேலே நின்றது. இடுப்புக்குக் கீழே இருந்த தும்பு கொஞ்சம் புடைத்திருந்ததைத் தட்டிச் சமப்படுத்தியதும் கோடு நேரானது. விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் உள்ள வெளியும் தொங்கினால், அந்த இடத்தில் உறைக்கு அடியில் ஒரு துவாயை மடித்து வையுங்கள்.

கடைசியாகக் கால். முழங்காலுக்கு நடுவில் குட்டித் தலையணை வைப்பார்கள், அது அரைகுறை வேலை. கணுக்கால் கீழே தொங்கும், இடுப்பு முறுகும். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை நீளமாக வேண்டும். மருதமுனைக் கைத்தறிச் சாரன் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருட்டி, இரண்டு இடத்தில் நாடாவால் கட்டினால் அளவாக இருக்கும், தோய்க்கவும் இலேசு. முழங்காலை வயிற்றோடு சேர்த்து மடக்காதீர்கள். ஸ்கைலாப்காரரின் கோணம் போதும்.

மல்லாந்துதான் தூக்கம் வருமென்பவர்கள் அதே சுருட்டை முழங்காலுக்குக் கீழே கொடுத்து, தலையணையைப் பாதியாகக் குறையுங்கள். குப்புறப் படுப்பவர்களுக்கு என்னிடம் மருந்தில்லை. மூச்சுக்காகக் கழுத்தை இரவு முழுக்க ஒரு பக்கம் திருப்பி வைக்கிறீர்கள், அதை எந்தத் தலையணையும் நிமிர்த்தாது. நெஞ்செரிவு உள்ளவர்கள் இடப்பக்கம் படுங்கள். ஏழு மாதத்துக்கு மேலான கர்ப்பிணிகள் மல்லாந்து தூங்கப் போகாமல் பக்கவாட்டிலேயே படுக்க வேண்டும். ஒரு வயதாகாத பிள்ளைக்கு இந்த வேலை ஒன்றும் செய்யாதீர்கள். கெட்டியான சமமான விரிப்பில், தலையணை இல்லாமல், மல்லாத்திப் படுக்க வைக்க வேண்டும்.

மாரியில் எல்லாம் ஈரமாகும். 2011 ஜனவரி வெள்ளத்தில் ஊறிய தும்பு மெத்தையை நான் காய வைத்துப் பார்த்தேன், வாடை போகவில்லை, எறிய வேண்டி வந்தது. இப்போது கட்டிலுக்குச் சட்டம் அடித்து இடையில் காற்றுப் போக விட்டிருக்கிறேன். மழைக்கு முன்னும் பின்னும் இலவம்பஞ்சை வெயிலில் போட்டு, தட்டி, அரிசிப் பையை வைத்துத் திரும்ப அளக்க வேண்டும். போன தடவை முக்கால் அங்குலம் பதிந்திருந்தது, இரண்டு கை பஞ்சு போட்டேன்.

வலப்பக்கம்தான் படுக்கிறேன். மூன்றாம் கிழமையிலிருந்து கை விறைக்கவில்லை. அம்மா இன்னும் பாயில்தான், ஆனால் சாரன் சுருட்டு ஒன்று காணாமல் போய்விட்டது.