கணினிக்குள் நுழைய முடியவில்லையா? போமட் அடிக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை என்று எந்த டவுனில் கேட்டாலும் "பாஸ்வேர்ட் எடுக்குதில்ல" என்ற கணினிக்கு அடிக்கடி கிடைக்கும் பதில் "போமட் அடிப்போம்", அதாவது எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவோம் என்பதுதான். அதோடு ஏ/எல் பிள்ளையின் நோட்ஸும் கல்யாணப் படங்களும் போய்விடுகின்றன. கணினி உள்ளே விடவில்லை என்பதால் உள்ளே இருப்பது அழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பைல்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. பதறிப்போய் நாம் செய்யும் வேலைகள்தான் அவற்றை அழிக்கின்றன.

எந்தக் கணக்கு என்று பாராமல் பாஸ்வேர்டை மாற்றுவது

விண்டோஸ் 10, 11 கணினிகளில் மூன்று விதமான திறப்புகள் இருக்கின்றன: அந்தக் கணினிக்கு மட்டுமான லோக்கல் கணக்கின் பாஸ்வேர்ட், ஈமெயிலோடு சேர்ந்த மைக்ரோசொஃப்ட் கணக்கின் பாஸ்வேர்ட், அப்புறம் பின் இலக்கம். ஒன்றின் சாவி மற்றதற்குப் பொருந்தாது. லோக்கல் கணக்கை வைத்துக்கொண்டு போனில் ஈமெயில் பாஸ்வேர்டை எத்தனை தடவை மாற்றினாலும் கணினி அசையாது. பின் இலக்கமும் அப்படித்தான். அது அந்த ஒரு கணினிக்குரியது, இணையத்தில் பாஸ்வேர்டை மாற்றினாலும் பின் மாறாது.

பாஸ்வேர்ட் அடிக்கும் பெட்டியின் கீழே "சைன்-இன் ஒப்ஷன்ஸ்" என்பதை அழுத்தினால், சாவிப் படம் பாஸ்வேர்டுக்கு, இலக்கப் பலகைப் படம் பின்னுக்கு. பெட்டியின் கீழே "ஐ ஃபொர்கொட் மை பாஸ்வேர்ட்" என்று இருந்தால் அது மைக்ரோசொஃப்ட் கணக்கு. ஒரு தடவை பிழையாக அடித்த பிறகு "ரீசெட் பாஸ்வேர்ட்" என்று வந்தால் அது லோக்கல் கணக்கு, பாதுகாப்புக் கேள்விகளும் போடப்பட்டிருக்கின்றன. 2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. கேள்விகள் மூன்று. அன்று எழுதிய எழுத்துக்கூட்டலிலேயே விடை வேண்டும். பிறந்த ஊர் கேள்விக்கு நுவரெலியாவை ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக எழுதினோமா, இடைவெளி விட்டு எழுதினோமா என்பதில்தான் பலர் மாட்டுகிறார்கள். இரண்டையும் அடித்துப் பாருங்கள்.

கீபோர்டைச் சந்தேகிக்காமல் மூளையைச் சந்தேகிப்பது

"நேற்று வரைக்கும் வேலை செய்த பாஸ்வேர்ட்" என்றால் முதலில் பார்க்க வேண்டியது கீபோர்ட். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றையும் போட்டு வைத்திருக்கும் வீடுகள் நம்மிடம் ஏராளம். பூட்டுத் திரையின் வலது கீழ் மூலையில் எந்த மொழி நிற்கிறது என்று பாருங்கள். விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் பாரை அழுத்தினால் மாறும்.

இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத கோளாறு ஒன்று உண்டு. இரண்டுமே ஆங்கிலம்தான், ஆனால் ஒன்று அமெரிக்க அமைப்பு, மற்றது பிரித்தானிய அமைப்பு. அமெரிக்க அமைப்பில் ஷிஃப்டோடு 2ஐ அழுத்தினால் @ வரும், பிரித்தானிய அமைப்பில் " வரும். ஷிஃப்டோடு 3ஐ அழுத்தினால் ஒன்றில் #, மற்றதில் £. பாஸ்வேர்டில் @ வைத்திருப்பவர் அடிப்பது கறுப்புப் புள்ளிகளாகத் தெரிவதால், நாள் முழுக்க அடித்தாலும் பிழை எங்கே என்று தெரியாது. வெளிநாட்டிலிருந்து வந்த பழைய லெப்டொப் என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள். பெட்டியின் ஓரத்தில் இருக்கும் கண் படத்தை அழுத்தினால் அடித்தது தெரியும். கெப்ஸ் லொக் (Caps Lock), நம் லொக் (Num Lock) இரண்டையும் பாருங்கள். சில சிறிய லெப்டொப்களில் நம் லொக் விழுந்திருந்தால் ஜே, கே, எல் எழுத்துகள் 1, 2, 3 ஆகிவிடும். தேத்தண்ணி கொட்டி ஒரு கீ செத்திருந்தால், அக்ஸஸிபிலிட்டி படத்தை அழுத்தித் திரைக் கீபோர்டை எடுத்து மவுஸால் அடிக்கலாம்.

பிழையாக அடித்துக்கொண்டே போகாதீர்கள். விண்டோஸ் 11இன் 22எச்2 பதிப்பையோ அதற்குப் பிந்தியதையோ புதிதாகப் போட்ட கணினி, 10 தடவை பிழையாக அடித்தால் 10 நிமிடம் பூட்டிக்கொள்ளும். பின் இலக்கத்தைப் பல தடவை பிழையாக அடித்தால் ஏ1பி2சி3 என்று ஆங்கிலத்தில் அடிக்கச் சொல்லும். அது வைரஸ் அல்ல, கை தவறி அடிபடவில்லை என்று உறுதிப்படுத்திக்கொள்கிறது.

சிக்னல் இல்லாத நேரத்தில் புதுப் பாஸ்வேர்டை எதிர்பார்ப்பது

மலையகத்துக்கு இது முக்கியமான விஷயம். போனில் மைக்ரோசொஃப்ட் பாஸ்வேர்டை மாற்றியாகிவிட்டது. கணினியிலோ மூடுபனியும் மழையுமாக ரவுட்டருக்குச் சிக்னல் இல்லை. இணையம் இல்லாத கணினிக்கு நீங்கள் மாற்றியது தெரியாது. கடைசியாக அங்கே வேலை செய்த பழைய பாஸ்வேர்டைத்தான் அது ஏற்கும். பழையது நினைவிருந்தால் அதையே அடியுங்கள், உள்ளே போய்விடலாம். மறந்துவிட்டால், போனைச் சிக்னல் வரும் ஜன்னலோரம் வைத்து ஹொட்ஸ்பொட் போட்டு, பூட்டுத் திரையின் வலது கீழே இருக்கும் நெட்வேர்க் படத்தின் வழியாக இணைத்துவிட்டு, புதிய பாஸ்வேர்டை அடியுங்கள். "ஐ ஃபொர்கொட் மை பின்" வேலை செய்யவும் இணையம் வேண்டும்.

கடிகாரத்தைப் பாராமல் விடுவது

இணையம் இருந்தும் மைக்ரோசொஃப்ட் கணக்கு இணைய மறுத்தால் திகதியைப் பாருங்கள். கணினி பல வருடம் பின்னே நின்றால், இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் இன்னும் தொடங்காதவை என்று அது நினைக்கும். இணைப்பு அங்கேயே அறுந்துவிடும். காரணம் பெரும்பாலும் மதர்போர்டில் (கணினிக்குள் இருக்கும் பிரதான பலகையில்) இருக்கும் சீஆர்2032 என்ற 3 வோல்ட் காசுப் பெட்டரி செத்துப்போனது. இடி மின்னலுக்குப் பயந்து ப்ளக்கைக் கழற்றி வைப்பது சரியான பழக்கம்தான், அதை விட வேண்டாம். ஆனால் கழற்றிய நேரமெல்லாம் கடிகாரம் இந்தப் பெட்டரியில்தான் ஓடுகிறது, அதனால் டெஸ்க்டொப்களில் அது சீக்கிரம் தீரும்.

பெட்டரியை மாற்றப்போகிறவர்கள் முதலில் பயோஸ் திரைகளை, அதாவது விண்டோஸ் எழும்பும் முன் திறக்கக்கூடிய கணினியின் அடிப்படை அமைப்புத் திரைகளை, போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக சாட்டா முறை (டிஸ்க் இணையும் விதம்), டீபிஎம் (சாவிகளைக் காக்கும் சிப்), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் எழும்ப விடும் வசதி) ஆகிய மூன்றும். பெட்டரியைக் கழற்றினால் இவை ஆரம்ப நிலைக்குப் போகலாம். டீபிஎம் அணைந்தால் பின் வேலை செய்யாது, சாட்டா முறை மாறினால் விண்டோஸே எழும்பாமல் போகலாம். பிறகு ப்ளக்கைக் கழற்றி, பவர் பட்டனைச் சில செக்கன் அழுத்திவிட்டு, புதுப் பெட்டரியை + பக்கம் வெளியே தெரியும்படி போடுங்கள். பயோஸில் நேரத்தைச் சரிசெய்து, விண்டோஸில் நேர வலயம் ஸ்ரீ ஜயவர்தனபுர, அதாவது +5:30 என்று இருக்கிறதா எனப் பாருங்கள்.

வெறும் டெஸ்க்டொப்பைக் கண்டு பழைய கணக்கை அழிப்பது

கணினி அணையும் நேரத்தில் கரண்ட் போனால் கணக்கின் ப்ரொஃபைல், அதாவது உங்கள் டெஸ்க்டொப்பையும் அமைப்புகளையும் வைத்திருக்கும் பகுதி, கெட்டுப்போகலாம். அடுத்த தடவை உள்ளே போனால் படமும் பைலும் இல்லாத வெறும் டெஸ்க்டொப் வரும், தற்காலிக ப்ரொஃபைல் என்ற அறிவிப்பும் வரும். பைல்கள் போகவில்லை. சீ ட்ரைவில் யூசர்ஸ் போல்டருக்குள், உங்கள் பெயரில் உள்ள போல்டரில் அவை இருக்கின்றன. அந்த வெறும் டெஸ்க்டொப்பில் எதையும் சேவ் பண்ணாதீர்கள், சைன்-அவுட் ஆனதும் அது அழிந்துவிடும். ஷட் டவுன் அல்ல, ரீஸ்டார்ட் கொடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வேகமாக எழும்பும் வசதி இருக்கும் கணினியில் ஷட் டவுன் முழுமையாக நடப்பதில்லை. இரண்டு மூன்று தடவையிலும் சரிவராவிட்டால், பெயர்ப் போல்டரை முதலில் பென் ட்ரைவுக்குக் கொப்பி பண்ணுங்கள். புதுக் கணக்கு உண்டாக்குவது அதற்குப் பிறகு. பழைய கணக்கை நீக்கும்போது "டிலீட் அக்கவுண்ட் அண்ட் டேட்டா" என்பதை அழுத்தினால் போல்டரும் சேர்ந்தே போகும். கொப்பி எடுத்ததைத் திறந்து பார்க்கும் வரைக்கும் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கடைக்காரரின் நம்பரில் கணக்குத் திறப்பது

கொமினிகேஷன் கடையில் ஈமெயில் திறக்கும்போது அவசரத்துக்குக் கடைக்காரரின் நம்பரையே போட்டுவிடுகிறார்கள். அல்லது பிறகு ரீலோட் பண்ணாமல் விட்ட பழைய சிம்மின் நம்பர் அதில் கிடக்கிறது. பாஸ்வேர்ட் மறந்த நாளில், நீங்கள்தான் என்று உறுதிப்படுத்தும் குறியீடு அந்த நம்பருக்குத்தான் போகும். கணக்கில் இருந்த பாதுகாப்பு விவரங்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் மைக்ரோசொஃப்ட் 30 நாள் காக்க வைக்கும். உள்ளே போக முடிகிற இன்றைக்கே உங்கள் நம்பரையும் இன்னொரு ஈமெயிலையும் சேர்த்து வையுங்கள். உதவிக்கு என்று இணையத்தில் கிடக்கும் போன் நம்பர்களுக்கு அழைத்துக் குறியீட்டைச் சொல்லாதீர்கள்.

48 இலக்கத்தை எடுத்து வைக்காதது

மற்ற எல்லாவற்றிலும் பைலை மீட்க ஏதோ ஒரு வழி இருக்கிறது, இதில் இல்லை. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசொஃப்ட் கணக்கோடு தொடங்கினால், பெரும்பாலான கணினிகளில் டிஸ்க் தானாகவே குறியாக்கம் ஆகிவிடும், அதாவது சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டுவிடும். பயோஸ் மாறினாலோ மதர்போர்டை மாற்றினாலோ நீலத் திரையில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது கிடைக்காவிட்டால் டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் போட்டும் பயனில்லை. போனில் உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கைத் திறந்து, டிவைசஸ் பகுதியில் அந்தக் கணினியின் பெயரின் கீழ் பார்த்தால் சாவி இருக்கும். அதை ஒரு தாளில் எழுதி, பக்கத்திலேயே சாவியின் அடையாள எண்ணையும் எழுதி, பிறப்புச் சான்றிதழ்கள் வைக்கும் ஃபைலில் வையுங்கள். கணினியைத் திருத்தக் கொடுக்கும்போது அந்தத் தாளை பேக்கோடு சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.